ஏலம் முதல்ல, ஆய்வு அப்புறமா? – கடலோர மக்கள் சந்திப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை



2024 நவம்பர் 28 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் 13 கடல் தொகுதிகளுக்கு ஏலம் அறிவித்தது. குஜராத் கடலில் சுண்ணாம்புச் சேறு 3, கேரளக் கடலில் கட்டுமான மணல் 3, கிரேட் நிக்கோபார் பக்கம் பல்லுலோக முடிச்சுகளும் படிவுகளும் 7.

"கேரளா விஷயம், நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அந்த மூன்று மணல் தொகுதியும் கொல்லம் கடலில் இருக்கு. நீண்டகரையில் படகு கட்டி, அந்தக் கடலில் இறாலும் கணவாயும் பிடிக்கிற குமரி மாவட்டத்துக்காரர்கள் எத்தனை பேர்! அவங்க பிழைப்பு நம்ம பிழைப்பு இல்லையா?

மணலை உறிஞ்சி எடுத்தா என்ன ஆகும்? கடலடியில் வாழும் உயிர்கள் மணலோடு போகும். கலங்கல் நீரோட்டத்தோடு பரவும். அது முட்டைமேலும் குஞ்சுமேலும் படியும். மீன் அந்த இடத்தை விட்டு விலகும். உங்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை.

இப்போ சட்டத்தைப் பாருங்க. கடல்சார் கனிமச் சட்டம் 2002-ல் வந்தது. 2023-ல் திருத்தி, ஏலமுறை கொண்டுவந்தார்கள். குத்தகை 50 ஆண்டு. 12 கடல்மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. ஆனா அதே தண்ணிக்கு அடியில் இருக்கும் கனிமம் ஒன்றியத்துக்கு. ராயல்டியும் அங்கேதான் போகும். நட்டம் மட்டும் கரைக்கு!

முதலில் ஏலம். அப்புறம்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அந்த அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது யாரு? ஏலம் எடுத்த நிறுவனமே! மாப்பிள்ளைக்குத் தாலி எடுத்துக் கொடுத்துட்டு, அப்புறமா பொண்ணுகிட்ட சம்மதம் கேட்கிற கதை இது.

கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கே என்பார்கள். 2006 அறிவிக்கைப்படி அது திட்டம் அமையும் மாவட்டத்தில் நடக்கும். கடலுக்கு எது மாவட்டம்? கொல்லத்தில் நடத்தினாலும், அங்கே தொழில் செய்யும் நம்ம ஆளுக்கு யாரு நோட்டீஸ் கொடுப்பாங்க? இதுக்கிடையில் 2025 செப்டம்பரில், அணுக் கனிமம், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு அந்தக் கூட்டமே வேண்டாம் என்று குறிப்பாணை போட்டுவிட்டார்கள்.

கேரள மீனவர்கள் 2025 பிப்ரவரி 27-ல் கடலோர வேலைநிறுத்தம் செய்தார்கள். மார்ச் மாதம் கேரள சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. கட்சி வேறுபாடு பார்க்காமல் அவங்க நின்றார்கள். நாமும் நிற்கணும்.

நம் கோரிக்கைகள்:

▪️ கொல்லம் மணல் ஏலத்தைக் கைவிடு!
▪️ ஏலத்துக்கு முன்பே சுதந்திரமான ஆய்வு நடத்து!
▪️ கரையோர மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் குத்தகை கொடுக்காதே!
▪️ எந்தத் துறைமுகத்து மீனவர் அங்கே தொழில் செய்கிறாரோ, அந்தத் துறைமுகத்தில், அவர் மொழியில் கருத்துக்கேட்பு நடத்து!

நாங்க வளர்ச்சிக்கு எதிரி இல்லை. எங்களைக் கேட்காமல் எங்க கடலை விற்பதற்குத்தான் எதிரி.



#கடல்_ஏலப்பொருள்_அல்ல #மீனவர்_உரிமை