அக்கா நடத்திய பள்ளிக்கூடம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"டொக்டர் என்றபடியால் சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டிருந்தார். நீரிழிவைப் பற்றிப் பேசினால் வெளியே தட்டில் வைத்திருக்கும் லட்டை ஒருவரும் தொடமாட்டீர்கள். அதனால் வேறொன்றைப் பேசுகிறேன். 2020 ஜூன் மாதத்தில் நமுனுகுலவில், ஒரு லயத்து இஸ்தோப்பில் நான் ஒரு வாரம் பார்த்த பள்ளிக்கூடம் பற்றி.

அந்த ஆண்டு மார்ச் 13ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. இங்கிருப்பவர்களும் லண்டனில், டொரன்டோவில், சென்னையில் இருப்பவர்களும் ஒரே மாதிரி வீட்டுக்குள் அடைந்தோம். ஆனால் தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. ஊரடங்கு போட்டால் கொழுந்து வளராமல் இருக்குமா? காலையில் பெரட்டு, பிறகு மலை, பின்னேரம் நிறுவை எல்லாம் வழமைபோல நடந்தன. கைக்குழந்தைகளுக்கென்றுதான் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் யார் இருந்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஜூனில் எனக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. மகன் அப்போது தரம் இரண்டு, மகளுக்கு நாலரை வயது. இருவரையும் அழைத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அம்மா கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர், இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். பதுளையில் இருந்தபோது மகனின் ஆசிரியை வட்ஸ்அப்பில் செயலட்டை அனுப்புவார், நேத்ரா தொலைக்காட்சியிலும் பாடம் போனது. அந்தச் செயலட்டைகள் நாற்பதையும் ஒரு கோப்பில் போட்டு, வர்ணப் பென்சில்களோடு நமுனுகுலவுக்குக் கொண்டுபோயிருந்தேன். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இருவரையும் உட்காரவைத்தேன். எட்டே முக்காலுக்கு மகள் பாயில் படுத்துவிட்டாள். மகன் 'ஞ' எழுத மாட்டேன் என்று அழுதான்.

இதைக் கேட்டுச் சிரிக்கும் தாய்மார் பலர் உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது என்று தலையாட்டுகிறீர்கள். ஒரு வைத்தியராக ஒன்று சொல்லிவிடுகிறேன், மனம் ஆறும். ஆறேழு வயதுப் பிள்ளை ஒரே வேலையில் பத்து, பதினைந்து நிமிடம் கவனமாக இருந்தால் அதுவே பெரிது. விரலின் சிறிய தசைகள் இன்னும் பழகிக்கொண்டிருக்கிற வயது அது. பாடசாலையின் ஆறு மணித்தியாலத்தை வீட்டில் அப்படியே நடத்தத் தேவையில்லை. துண்டு துண்டாக இரண்டு மணித்தியாலம் போதும், மிச்சம் கதையும் விளையாட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை என் கோப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த காம்பராவின் மூத்த பெண் தன் தம்பியையும் தங்கையையும் இஸ்தோப்பில் உட்காரவைத்திருந்தாள். இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்திருந்தார்கள். என் மகன் தானாகவே போய் அந்த வரிசையில் உட்கார்ந்துகொண்டான். கரும்பலகைக்குப் பதிலாகக் கதவு, அடுப்புக்கரி சோக்கு. கணக்குப் பாடம் இப்படிப் போனது: "காலையில அம்மா ஆறு கிலோ, பகல்ல ஏழு, அந்திக்கு அஞ்சு. எத்தன?" பிள்ளைகள் பதினெட்டு என்றார்கள். "தண்ணிக்குன்னு ரெண்டு கழிச்சாங்க. மிச்சம்?" பதினாறு. அவளுடைய தம்பி, தரம் நான்கு, கேட்டான்: "அக்கா, கழிச்ச ரெண்டும் எங்க போகுது?" அவள் சற்று யோசித்துவிட்டு, "அது பெரிய கணக்கு, பெறகு படிக்கலாம்" என்றாள். பொருளாதாரம் படித்த பெரியவர்களும் அந்தக் கேள்விக்கு ஏறக்குறைய அதே பதிலைத்தான் சொல்லி வருகிறார்கள்.

நமுனுகுல என்றால் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள். எண் படிக்கிற சின்னவர்களை அவள் மலையை எண்ணச் சொல்வாள். மூடுபனி ஒருநாளும் ஏழுக்கு மேல் விடவில்லை. மிச்சம் இரண்டு எங்கே என்று என் மகள் அந்த வாரம் முழுவதும் தேடினாள். கழித்தலை அவள் படித்தது அப்படித்தான்.

கைபேசி அந்த வீட்டில் ஒன்று இருந்தது. அது அப்பாவோடு காலையில் போய் ஐந்து மணிக்குத்தான் திரும்பும். ரீலோட் இருந்தால், ரோட்டு முடக்குக்கு ஏறிப்போனால், சிக்னல் கிடைக்கும். தம்பியின் வகுப்பு ஆசிரியர் அனுப்பிய படங்களை இரவில் மூவரும் ஒரு மின்குமிழின் கீழ் பார்த்து எழுதுவார்கள். அடுத்த ஆண்டு இதே பதுளை மாவட்டத்தில் போகிட்டியாவ பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுப் பாறையில் ஏறியதையும், லுணுகல பக்கத்துப் பிள்ளைகள் மரத்தின் மேல் கட்டிய குடிலில் படித்ததையும் உலகப் பத்திரிகைகளில் படம் பிடித்துப் போட்டார்கள். நம்முடைய பழைய மாணவிகள் பலர் வெளிநாடுகளிலிருந்து எனக்கு அந்தப் படங்களை அனுப்பினார்கள். நல்ல படங்கள்தான். ஆனால் இஸ்தோப்பில் கதவில் கரியால் எழுதிக்கொண்டிருந்த பெண்ணை எந்தக் கமராவும் பார்க்கவில்லை.

அவளுடைய நாளை நான் கவனித்தேன். ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுவாள். ரொட்டி, சம்பல், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தேத்தண்ணி. பிறகு பீலியில் தண்ணீர், உடுப்புத் துவைப்பு. ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை பள்ளிக்கூடம். பிறகு சோறு. பாடசாலையில் சின்னவர்களுக்குக் கிடைத்த ஒரு வேளைச் சாப்பாடு நின்றுபோனதால் அரிசிப் பானையும் சீக்கிரம் காலியானது. இது சின்ன விஷயமில்லை. 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். அதற்கு மேல், விறகடுப்பும் கொதிநீரும் உள்ள அந்தச் சின்னக் காம்பராவில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு காயமும் வராமல் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். வெந்நீர் கொட்டிய பிள்ளைகளை வாட்டில் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அதன் அருமை தெரியும்.

வியாழக்கிழமை அவளிடம் கேட்டேன், "ஒம் படிப்பு எப்படிம்மா?" அவள் தரம் பதினொன்று. சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்க வேண்டியவள். அலுமாரி மேலிருந்த புத்தகங்களைக் காட்டினாள். பாடசாலை மூடிய அன்று போட்ட பொலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. "ராவுக்குப் படிக்கலாம்னுதான் நெனைக்கிறேன் டொக்டரக்கா, தூக்கம் வந்துருது."

இதில் புதுமை ஒன்றுமில்லை. இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். இடைப்பட்ட காலத்தில் படித்த என் அம்மா, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று மூன்றாம் வகுப்போடு நின்றவர். என் அக்கா எட்டாம் வகுப்போடு நின்றார். அவர் வீட்டில் நின்றதால்தான் நான் காலையில் பஸ் பிடித்து இந்தப் பாடசாலைக்கு வர முடிந்தது. இந்த மண்டபத்தில் கையை உயர்த்தச் சொன்னால், இப்படியொரு அக்கா இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிவிடலாம். நோய்த்தொற்றுக் காலம் செய்தது என்னவென்றால், அந்தப் பழைய ஏற்பாட்டை ஒரே நாளில் எல்லா லயத்திலும் திரும்பக் கொண்டுவந்ததுதான். தம்பியை யாரும் வீட்டில் நிறுத்தி அடுப்பைப் பார்க்கச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

பாடசாலைகள் திறந்தன, மூடின, திறந்தன. 2020க்கான சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில்தான் நடந்தது. அவள் எழுதினாள். ஐந்து பாடங்களில் சித்தி, கணிதத்தில் இல்லை. கதவில் கரியால் கணக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குக் கணிதத்தில் சித்தி இல்லை! தரம் பதினொன்றின் கேத்திரகணிதம் அடுப்பங்கரையில் தானாக வராது, அதற்கு ஒரு டீச்சர் வேண்டும். இரண்டாம் தடவை விண்ணப்பம் போட யாரும் நினைக்கவில்லை. அவளை ஒரு தரகர் மூலம் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள், ஒரு கடையில் வேலை. 2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, வேலைக்குப் போன வீட்டிலிருந்து தீக்காயங்களோடு கொண்டுவரப்பட்டு கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இறந்தாள். வயது 16. அந்தச் செய்தி வந்த அன்று நான் முதலில் செய்தது இந்தப் பெண்ணின் தாய்க்குப் போன் எடுத்ததுதான். இவள் சுகமாக இருந்தாள்.

தம்பி 2022 ஜனவரியில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தான். லயம் முழுவதற்கும் கேசரி கொடுத்தார்கள். அக்கா கொழும்பிலிருந்து அவனுக்கு ஒரு சப்பாத்து அனுப்பினாள்.

இனி நம் சங்கத்துக்கு வருகிறேன். நூற்றாண்டு நிதியில் வாசல் வளைவு கட்டுவது பற்றி இரண்டு கூட்டங்களில் பேசியிருக்கிறோம். வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அடுத்த ஆண்டு கட்டலாம். 2020, 2021 ஆண்டுகளுக்கான சாதாரண தரம் எழுதி, கணிதமோ தமிழோ தவறி, படிப்பை விட்ட பெண்கள் பசறையிலிருந்து நமுனுகுல வரைக்கும் இருக்கிறார்கள். தோட்டப் பாடசாலை அதிபர்களிடம் கேட்டால் பெயர் சொல்வார்கள். தனியார் பரீட்சார்த்தியாக அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதலாம். அதற்குத் தேவை விண்ணப்பக் காசு, பஸ் காசு, சனிக்கிழமையில் மூன்று மணித்தியாலம், ஒரு கணித டீச்சர். சின்னத் தம்பி தங்கைகளையும் கூட்டிவரலாம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வரமாட்டார்கள். அவர்களை விளையாட்டுக் காட்டிப் பார்த்துக்கொள்ள நம்மில் இருவர் போதும்.

அதிபர் அவர்கள் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பறை தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற கணித டீச்சர் ஒருவர் என்னிடம் ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டார். அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார், பெயரைச் சொன்னால் ஏசுவார். இன்னும் இருவர் தேவை. கொழும்பில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் போன கிழமை பேசினேன். "டொக்டரக்கா, வகுப்பு நெசமா நடக்குமா? நடக்கும்னா கடையில சொல்லிட்டு வந்துர்றேன்" என்றாள்.

பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. லட்டு எடுக்கப் போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள். எத்தனை பெயர் சேர்ந்தது என்று பார்த்துவிட்டு இன்றிரவே அவளுக்குப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.