பொதியில் எங்கே?

(அன்னூரில் நிகழ்ந்த கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



நம் ஊரில் குடியிருப்புத் தெருவொன்றின் முனையில் புதிதாய்த் திறக்கப்பெற்ற குடிப்பகத்தைப் பற்றி யான் பேசவேண்டுமென்று பணித்துள்ளீர்கள். கடையைப் பேசுமுன் அதன் பெயரைச் சிறிது பேசுவேன். தமிழாசிரியனை விட்டு நீங்காத நோய் அது, பொறுத்தருள்க.

ஆங்கிலேயன் 'பப்' என்று சுருக்கிச் சொல்வது 'பப்ளிக் அவுசு' என்பதன் குறுக்கம். பொது இல்லம் என்பது பொருள். அதை அப்படியே தமிழாக்கிப் பாருங்கள்: பொது, இல், பொதுவில், பொதியில்! ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நம்மிடம் இருந்த சொல். ஆனால் நம் பொதியிலில் குடி விற்கவில்லை. ஊரார் கூடினர், வழக்குத் தீர்த்தனர், வழிப்போக்கர் தங்கினர், நரைமுதியோர் வல்லாடினர். புறநானூற்று 52ஆம் பாட்டில் ஓர் ஊரின் அழிவைக் காட்டவந்த புலவர், அரண்மனை இடிந்ததைப் பாடினாரல்லர். பொதியில் பாழ்பட்டதைப் பாடினார். முதியோர் காய் உருட்டி உருட்டிக் குழிந்துபோன வல்லரங்கில் காட்டுக்கோழி முட்டையிட்டுக் கிடக்கிறதாம். ஊர் செத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் தெருமுனைக் கடையின் பலகையிலோ 'பார்' என்றிருக்கிறது. தமிழில் பார் என்பது உலகம். ஆங்கிலத்தில் அது குறுக்குக்கட்டை. விற்போனுக்கும் குடிப்போனுக்கும் இடையே இட்ட தடுப்பு. அக்கட்டையின் பெயரே கடைக்கும் ஆயிற்று. சரக்கு விற்கும் நிறுவனத்தின் பெயரையும் பாருங்கள்: 'தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்'. வாணிபம் அன்று, வாணிகம் என்பதே திருந்திய வடிவம். 1983ஆம் ஆண்டு முதல் அப்பிழையைச் சுமந்து நிற்கிறது அரசு. இது சிறு பிழை. பெரும் பிழைக்கு இனி வருவோம்.

கொங்கு மண் குடியை எதிர்த்த மண். 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மையாரும் முன்னின்றனர். மறியலை நிறுத்துவது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரு பெண்மணியர் கையில் உள்ளது என்று காந்தியடிகள் சொன்னதாகப் பெரியாரின் வரலாறு கூறும். 1.10.1937இல் இராசாசி அரசு நாட்டிலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தது. அதனால் நேர்ந்த வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. பின்னர் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். 1971இல் கடை திறந்தது, 1974க்குள் மூடிற்று, 1981இல் மீண்டும் திறந்தது, 1987இல் கள்ளும் சாராயமும் தடுக்கப்பெற்று அயல்நாட்டு வகைப் புட்டிகள் மட்டும் நின்றன, 29.11.2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே மேற்கொண்டது. குடியை ஒழித்தமைக்கு ஈடாக வந்த வரி போகவில்லை. ஒழிந்த குடியும் திரும்பி வந்துவிட்டது! 2003–04இல் 3,639 கோடி உரூபாவாக இருந்த வருவாய், 2023–24இல் 45,855 கோடி. இவ்வளவு பாலைக் கறந்தபின் மாட்டை விற்க யாருக்குத்தான் மனம் வரும்?

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாதென்று 15.12.2016இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 2017ஆம் ஆண்டு ஏப்பிரலில் தமிழ்நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பெற்றன. நல்லதுதானே என்பீர். சாலையை விட்டு நீங்கிய கடைகள் தோட்டத்துக்குள்ளும் தெருவுக்குள்ளும் இடம் தேடின. அதை எதிர்த்து 11.4.2017இல் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் சாலைமறியல் செய்த பெண்கள் காவலரிடம் அடிபட்டது நாடறிந்த செய்தி. சத்தி சாலையும் அவினாசி–மேட்டுப்பாளையச் சாலையும் குறுக்கிடும் நம் அன்னூர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சென்ற காரிக்கிழமை மாலை, தெருத் தாய்மார் இருவரை வாயிலில் நிறுத்திவிட்டு, யான் உள்ளே சென்று பார்த்தேன். காணாததைக் கண்டிப்பது புலமையாகாது. முன்பு தறிக்கொட்டகையாக இருந்த இடம். தறி ஓட்டம் நின்றபின் அதே தகரக்கூரையின் கீழ் நெகிழி நாற்காலிகள். வேகவைத்த சுண்டல், முட்டை, தண்ணீர்ப் பொட்டலம், தாள் குவளை. அறுபது பேர் இருக்கலாம். எனக்கு வியப்பாயிருந்தது நாற்றமன்று. அங்கே நிலவிய பேச்சின்மை. அடுத்த நாற்காலிக்காரனை ஒருவனும் பார்க்கவில்லை. வாங்கினான், ஊற்றினான், விழுங்கினான், எழுந்தான். நோயாளி மருந்துண்பதுபோல் குடிக்கும் இடத்தைப் பொது இல்லம் என்பது எவ்வாறு?

மூலையிலிருந்து ஒருவன் எழுந்து குவளையைப் பின்னால் மறைத்தான். பதினைந்து ஆண்டுக்கு முன் என்னிடம் படித்தவன். யாப்பிலக்கணத்தில் தேர்ந்த மாணாக்கன். இன்று விசைத்தறித் தொழிலாளி. "ஐயா, நீங்க இங்கெல்லாம் வரலாமுங்களா?" என்றான். "நீ வரும் இடத்துக்கு உன் ஆசிரியன் வரக்கூடாதா?" என்றேன். நெடுநேரம் நிலம் நோக்கி நின்றான். பிறகு சொன்னான்: "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றனுங்க. ஊட்டுல ஒரே அறை, பசங்க படிக்குதுங்க. தேநீர்க்கடையில ரெண்டு நாழி உக்காந்தா எந்திரிக்கச் சொல்றாங்க. நூலகம் அதுக்குள்ள பூட்டிப் போடறாங்க. இங்கதானுங்க யாரும் எந்திரிக்கச் சொல்றதில்லை."

அவன் குடிப்பதற்கு அது முழு விடையாகாது. வாரக்கூலியில் பாதி அங்கே போவதையும், அவன் மனைவி கூலிநாளில் வாயிலில் வந்து நிற்பதையும் யான் அறிவேன். ஆயினும் அவன் கூற்றிலுள்ள உண்மையைத் தள்ள இயலவில்லை. பணிமுடித்த ஒருவன் காசின்றி இரண்டு நாழிகை அமர்ந்திருக்க இவ்வூரில் எங்கே இடம் வைத்திருக்கிறோம்? கோயில் திண்ணை கம்பிவேலிக்குள். வீட்டுத் திண்ணையை இடித்து வண்டி நிறுத்தம் கட்டிவிட்டோம். நாம் மூடிய பொதியிலின் இடத்தை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சங்கத்தார் குடித்திலரோ என்று இளையோர் சிலர் என்னை மடக்குவதுண்டு. குடித்தனர். கள், தேறல், நறவு, தோப்பி, மட்டு, பிழி எனப் பெயரும் பல உண்டு. அதியமான் மாய்ந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலை கள்ளைச் சொல்லியே தொடங்குகிறது. குறைவாயின் புலவர்க்கே ஈவான், மிகுதியாயின் அவரோடு உண்பான் என்று. அங்கே கள் ஈகையின் அளவுகோல். அதியமான் கள் விற்று அரசு நடத்தியதாக எப்பாட்டும் இல்லை. அதே தமிழ் திருக்குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தது. மாநில மரமாகிய பனையில் வடியும் கள்ளைக் குற்றமாக்கிப் புட்டிச் சாராயத்தை அரசே விற்பது முரண் என்று நம் உழவர் கேட்பது நேர்மையான வினா. எனினும் கள்ளைத் திறந்தால் குடி குறையும் என்னும் வாதத்தை யான் ஏற்கவில்லை. கள்ளுக்கடை இருந்த 1921இல்தான் ஈரோட்டுப் பெண்கள் மறியலுக்கு வந்தனர்.

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும்" என்பதும் ஒரு வாதம். 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அப்போது அரசுக் கடைகளெல்லாம் திறந்துதானே இருந்தன?

இனிச் செய்யவேண்டியது. பேரூராட்சிப் பகுதியில் வழிபாட்டிடத்துக்கும் கல்விநிலையத்துக்கும் 100 மீட்டருக்குள் கடை கூடாது என்பது 2003ஆம் ஆண்டு விதி. நாளைக் காலை அளவுநாடா கொண்டு தொலைவை அளப்போம். தாய்மார் நால்வர் உடன்வருக. இருபத்தோரு அகவைக்குக் கீழ்ப்பட்டோர்க்கு விற்றதைக் கண்டவர் நாளும் பொழுதும் குறித்துத் தருக. திங்கட்கிழமை கோவை மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கும் விண்ணப்பத்தில் கோரிக்கை இரண்டு. தெருமுனைக் கடையை அகற்றுக என்பது ஒன்று. மற்றொன்று, நூலகத்தை இரவு ஒன்பது மணி வரை திறந்து வைத்து, அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தால் நீர் காணும் நம் குளக்கரையில் விளக்கும் கல்லிருக்கையும் இட்டுத் தருக என்பது. இரண்டாவதற்கு ஏன் முதன்மை என்று செயற்குழுவில் சிலர் கேட்டனர். என் பழைய மாணாக்கன் கையொப்பமிட்டிருக்கும் கோரிக்கை அது. முதலாவதில் இன்னும் அவன் கையொப்பமிடவில்லை.

விண்ணப்பத்தாள் வாயிலருகே உள்ளது. கைந்நாட்டு வைப்போர்க்கு மையும் உண்டு.