பாடு என்னும் சொல்லின் பாடு



‘பலபொருள் ஒருசொல்’ என்பது இக்கருத்தரங்கின் பொருள். தலைமை உரை என்றால் தொல்காப்பியத்தில் தொடங்கி நேற்று வெளிவந்த ஆய்விதழ் வரை ஒரு சுற்று வந்துவிட வேண்டும் என்பது வழக்கம். கட்டுரை படிக்க வந்திருப்பவர்கள் அதை என்னைவிட நன்றாகச் செய்வார்கள். கூடியிருப்பது திருவொற்றியூரில் என்பதால், இந்தக் கரையில் தினமும் புழங்கும் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சொல் ‘பாடு’.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் கரைக்கு வந்த ஒருவரிடம், “என்னண்ணே, பாடு எப்படி?” என்று கேட்டுப் பாருங்கள். “பாடா? டீசல் காசுக்கே இல்ல சார். இந்தப் பாடு படறதுக்கு என் பாட்டுக்கு ஊட்லயே கெடந்திருப்பேன்” என்பார். ஒரே மூச்சில் மூன்று பாடு வந்துவிட்டது. முதல் பாடு வலையில் விழுந்த மீன். இரண்டாவது உழைப்பும் வருத்தமும். மூன்றாவது, ‘தன் போக்கில்’ என்ற பொருள். அந்த மூன்றாவதில் ஒரு வேடிக்கை உண்டு. பாடு, குவ்வுருபு ஏற்றால் ‘பாட்டுக்கு’ ஆகும். இசைப்பாட்டும் அப்படியே ஆகும். அவன் பாட்டுக்குப் போகிறான் என்றால் பாடிக்கொண்டே போகிறான் என்று நினைத்துக்கொள்ளாத குழந்தை தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

பலபொருள் ஒருசொல்லை வினை வேறுபடுவது, வினை வேறுபடாதது என்று தொல்காப்பியர் இரண்டாகப் பிரிக்கிறார். வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியும் என்பது அவர் காட்டும் வழி. ‘பாடு பட்டான்’ என்றால் வினை பொருளைச் சொல்லிவிடுகிறது. வெறுமனே ‘பாடு எப்படி?’ என்றால் சார்புதான் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் அது மீன். ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் அதே கேள்விக்கு வேறு பதில் வரும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ‘படு’ என்ற வினை. மீன் வலையில் படும், வெயில் மேலே படும், கண்ணில் படும், அடி படும், ஞாயிறு படும். ஒன்று மற்றொன்றில் போய்ச் சேருவதையும், விழுவதையும், அகப்படுவதையும், சில இடங்களில் தோன்றுவதையும் இந்த ஒரே வினை சுமக்கிறது. இசைக்கும் ‘பாடு’ வேறு வேர் கொண்டது. ஓசை ஒன்றானதால் பக்கத்தில் வந்து நிற்கிறது. சுந்தரர் வந்து பாடிய இந்தத் தலத்தில் அந்தப் பாட்டை ஒதுக்கி வைப்பது சற்றுத் துணிச்சல்தான். மட்டக்களப்பை ‘மீன் பாடும் தேன்நாடு’ என்கிறார்கள். அங்கே பாடுவது மீன். இங்கே மீன்தான் பாடு.

நெய்தல் நிலத்துக்குத் தொல்காப்பியர் தந்த சிறுபொழுதிலும் இந்தச் சொல் இருக்கிறது. எற்பாடு என்பது எல்லின் பாடு. ‘எல்’ ஞாயிறு என்பதில் சிக்கல் இல்லை. ‘பாடு’ சாய்வதா, தோன்றுவதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. பெரும்பாலோர் பிற்பகல் என்று கொள்கிறார்கள்; காலை என்று வாதாடியவர்களும் உண்டு. நம் கரையில் ஞாயிறு கடலில் எழுகிறது. மாலையில் மேற்கே நிலத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. கடலில் ஞாயிறு விழுவதைப் பார்த்தவன் மேற்குக் கரைக்காரன். வழக்கை இதை வைத்துத் தீர்த்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் உரை எழுதியவர் எந்தக் கரையில் நின்றார் என்று கேட்பதில் தவறில்லை.

இனி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்பும் இடத்துக்கு வருகிறேன். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. அங்கே பட்டினவர் என்னும் மீனவர்களின் கிராமங்களில் ‘பாடு’ என்பது ஓர் ஏற்பாட்டின் பெயர். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் வரத்து நன்றாக இருக்கும். உள்ளே போகப் போகக் குறையும். எல்லோரும் முகத்துவாரத்திலேயே வலை கட்டினால் அன்றாடம் அடிதடிதான். அதனால் நீர்ப்பரப்பை இடம் இடமாகப் பிரித்து, உரிமை உள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு, முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு நல்ல இடம் விழுந்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். அந்த இடமும் பாடு, அந்த முறையும் பாடு, அங்கே விழும் மீனும் பாடு. கொச்சிக் காயலிலும் இதே பெயரில் இதே வகை முறை இருக்கிறது. இலங்கையில் கரைவலை இழுக்கும் உரிமையிடத்தைக் கரைவலைப்பாடு என்கிறார்கள். பூநகரியில் ஓர் ஊருக்கே வலைப்பாடு என்று பெயர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 தொடங்கி 1936க்குள் ஆறு தொகுதிகளாக வந்தது; 1939இல் பின்னிணைப்பு. அதில் ‘பாடு’ என்ற பதிவைப் பிரித்துப் பாருங்கள். முறைமை, கடமை, பயன், இடம், உழைப்பு, பெருமை, ஓசை, உறக்கம், கேடு என்று வரிசை நீள்கிறது. படிக்கும் மாணவனுக்கு இவை தொடர்பற்ற சரக்குகளாகத் தோன்றும். முகத்துவாரத்தில் ஒரு காலைப் பொழுது நின்றால் முறைமையும் இடமும் உழைப்பும் பயனும் ஒரே வலையில் இருப்பது தெரியும். கலித்தொகையின் நெய்தற்கலிப் பாடல் ஒன்று பண்பு எது என்று சொல்லும்போது ‘பாடறிந்து ஒழுகுதல்’ என்று இந்தச் சொல்லைத்தான் கையாள்கிறது. உலக ஒழுக்கம் என்று உரை காண்பது வழக்கம். தன் முறை எது, அடுத்தவன் முறை எது என்று அறிந்து நடப்பதுதானே பழவேற்காட்டுப் பாடு?

இதை ஒரு பொற்காலமாக்கிப் பேச நான் வரவில்லை. பாட்டு உரிமை ஊருக்கும் சாதிக்கும் தலைக்கட்டுக்கும் உள்ளே சுழன்றது. வெளியே நின்ற மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கும், பெண்களுக்கும் அதில் பங்கு இல்லை. ‘முறைமை’ என்று பொருள் எழுதும்போது யாருடைய முறைமை என்பதையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

வருத்தம் என்ற பொருள் கோயிலுக்குள்ளும் போயிருக்கிறது. ராயபுரத்துக்குப் பெயர் தந்தவர் இராயப்பர், அதாவது மீன்பிடித்த புனித பேதுரு, என்று சொல்வார்கள். படகோட்டிகள் எழுப்பிய அவருடைய கோயிலில் தவக்காலத்தில் ‘திருப்பாடுகள்’ வாசிக்கப்படும். அங்கே பாடு, இயேசு அடைந்த துன்பம். வாசலைத் தாண்டினால் மீன்பாடு. ஒரே வாய் இரண்டையும் குழப்பமின்றிச் சொல்கிறது.

உழைப்பு என்ற பொருள் தொழிலாளர் இயக்கத்துக்குள் போனது. பின்னி ஆலைப் பகுதியில் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923இல் இந்நகரில் மே தினம் கொண்டாடினார். அப்படி வளர்ந்த இயக்கத்தின் நாவில் தங்கிய சொற்களில் ஒன்று ‘பாட்டாளி’. ஐரோப்பியர் சொல்லும் ‘புரோலிடேரியன்’ இலத்தீன் வேரில், பிள்ளைகளைத் தவிர வேறு சொத்து இல்லாதவனைக் குறித்தது. தமிழ் அவனை இல்லாமையால் அழைக்கவில்லை, பாட்டால் அழைத்தது. இரண்டில் எது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைப் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து தூர்ந்துகொண்டிருக்கிறது. 2017 ஜனவரி 28இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கரை முழுக்க எண்ணெய் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் வலையிலும் படகிலும் ஒட்டிக்கொண்டது. இடம் தூர்ந்தால் முறை எதற்கு? முறையும் மீனும் போன பிறகு அந்தச் சொல்லில் வருத்தம் மட்டும் மிஞ்சும். ஒரு சொல்லின் பொருள்கள் இப்படியும் குறையும். எந்த அகராதியும் அதைப் பதிவு செய்வதில்லை.

வடசென்னைச் சொல் என்றாலே ‘பேஜாரு’, ‘கஸ்மாலம்’, ‘நாஸ்தா’ என்று பட்டியல் போட்டுச் சிரிப்பது நம்மவர் பழக்கம். கரிசல் காட்டுக்குக் கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். சிரிப்புக்காக அல்ல, அங்கே வேலையும் வெயிலும் எந்தச் சொல்லில் இருக்கின்றன என்று காட்டுவதற்காக. இந்தக் கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஆகவே சொல் தொகுக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டையில் ‘பாடு – மீன் வரத்து’ என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். சொன்னவர் எந்த ஊர், எந்த வலை, வெள்ளமா வற்றமா, ஆணா பெண்ணா, அவருக்குப் பாட்டு உரிமை இருந்ததா என்று அதே அட்டையில் குறியுங்கள். பிற்பகல் அமர்வில் பேசவிருக்கும் எண்ணூர் மீனவர்களிடம் வினாத்தாளை நீட்டாதீர்கள். அவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வலை பின்னும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.