உடைந்த வளையல்களின் தோட்டம்



கோடை விடுமுறையில் கடற்கரைக்குப் போய்க் கிளிஞ்சல் பொறுக்கி, மணல் வீட்டுச் சுவரில் பதித்து விளையாடாதவர் நம்மில் யார்? வளர்ந்ததும் நாம் மறந்துவிட்டோம். நேக் சந்த் மறக்கவில்லை. இன்று பாகிஸ்தானிலுள்ள தம் கிராமத்து ஓடைக்கரையில், கூழாங்கல்லும் உடைந்த வளையலும் சேர்த்து விளையாடியவர் அவர். 1947 பிரிவினையில் அந்த ஊரையே இழந்தார்.

பிறகு சண்டிகாரில் சாலை ஆய்வாளர் வேலை. புது நகருக்காக இடித்த கிராமங்களின் குப்பையைச் சைக்கிளில் கொண்டுபோய், அரசுக் காட்டுக்குள் ஒளித்துச் சேர்த்தார். பழைய சைக்கிளின் இரும்பே சிலைக்கு எலும்பு. அதன்மேல் சிமெண்ட் பூசி, காயுமுன் பீங்கான் துண்டும் வளையல் துண்டும் பதிப்பார். சைக்கிள் சீட்டு விலங்கின் தலையாகிவிடும்! பத்தாண்டுக்கு மேலாக ஊருக்குத் தெரியாது.

கண்டுபிடித்த அதிகாரிகள் சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் ஐம்பது வேலையாட்களும் கொடுத்தார்கள். (அரசாங்கத்தில் இப்படியும் நடப்பதுண்டு!) 1990 அளவில் ஒரு பகுதியை இடிக்க புல்டோசர் வந்தபோது, மக்களே கைகோத்துக் குறுக்கே நின்றார்கள்.

2015இல் அவர் காலமானார். அங்கே போகிறவர்கள் வளையல் பெண்களின் வரிசையை அருகே நின்று பாருங்கள். உடுத்திய சேலை முழுவதும் உடைந்த கண்ணாடி வளையல்தான்.