குடி இரத்தத்தில் ஊறியதா?

(ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"டாக்டர் ஐயா, இவன் அப்பனும் குடிகாரன், பாட்டனும் குடிகாரன். இவன் இரத்தத்திலேயே ஊறிப்போச்சு. மருந்து கொடுத்து என்ன பிரயோசனம்?" தன் மகனை என்னிடம் அழைத்து வந்த ஒரு தாய் கேட்ட கேள்வி இது. பக்கத்தில் நின்ற மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தாய்க்கு விஞ்ஞானம் என்ன பதில் சொல்கிறது என்பதே என் பேச்சின் பொருள்.

நமது மூளையில் டோப்பமைன் என்றொரு இரசாயனப் பொருள் உண்டு. ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டுசெல்லும் தூதன் அது. பசித்தவன் உண்ணும்போது, "இது நல்லது, மறுபடியும் செய்" என்று மூளைக்குக் கற்பிப்பது அதுவே. மதுவும் புகையிலையும் ஹெராயினும் இந்தத் தூதனை இயற்கைக்கு மீறி ஓடவைக்கின்றன. தூதன் வந்தால் வாசல் வேண்டுமல்லவா? நரம்பணுவில் அதற்கென ஐந்து வகை வாசல்கள் உள்ளன. 'டி-2' என்னும் வாசலை அமைக்கும் ஜீன் நமது 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

1990ஆம் ஆண்டில் கென்னத் புளும், எர்னஸ்ட் நோபிள் என்ற அமெரிக்க அறிஞர்களின் குழு இறந்துபோன 70 பேரின் மூளைகளை ஆராய்ந்தது. பாதிப்பேர் குடிநோயாளிகள், பாதிப்பேர் அல்லாதவர்கள். இந்த ஜீனைச் சார்ந்த 'ஏ-1' என்னும் வேறுபாடு குடிநோயாளிகளில் நூற்றுக்கு 69 பேரிடம் காணப்பட்டது. மற்றவர்களில் நூற்றுக்கு 20 பேரிடமே இருந்தது. "குடிகார ஜீன் அகப்பட்டுவிட்டது" என்ற பேச்சு பரவியது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில் வேறொரு குழு ஆராய்ந்தபோது அப்படி வேறுபாடு தெரியவில்லை. 2004இல், அந்த வேறுபாடு உண்மையில் அடுத்த வீட்டு ஜீனுக்குள் இருப்பதாகவும் தெரியவந்தது.

அப்படியானால் எல்லாம் பொய்யா? இல்லை. 2023இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஜீன் விவரங்களை ஆராய்ந்தபோது, டோப்பமைன் சார்ந்த ஜீன்களுக்குப் போதைப் பழக்கத்தில் பங்கு உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் குடிகார ஜீன் என்று தனியாக ஒன்றில்லை. பல ஜீன்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிதளவே தள்ளுகின்றன. ஒருவர் குடிநோய்க்கு ஆளாவதும் மற்றவர் ஆளாகாததுமான வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி. மீதிப் பாதி, முதல் கிளாசைத் தொட்ட வயது, நண்பர்கள், மனவேதனை, கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் சரக்கு ஆகியவற்றைச் சேர்ந்தது.

சூழ்நிலையின் வலிமைக்கு ஒரு சான்று. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்கள் 1971இல் வீடு திரும்பியபின், லீ ராபின்ஸ் என்ற பெண் அறிஞர் அவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். ஊர் மாறியது, உறவு கிடைத்தது. முதல் ஆண்டில் மிகச் சிலரே மறுபடி அடிமையானார்கள். ஜீன் மாறவில்லை, வாழ்க்கை மாறியது.

ஆகவே பெற்றோரே, பரம்பரை என்பது எச்சரிக்கை, தீர்ப்பு அல்ல. குடும்பத்தில் குடி இருந்தால் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: "மற்றவனுக்கு விளையாட்டாக முடிவது உனக்கு வினையாகலாம், முதல் கிளாசைத் தொடாதே." அப்பாவுக்குச் சரக்கு வாங்கிவரச் சிறுவனை அனுப்பாதீர்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். குடிகாரன் மகன் என்று பெயர் சூட்டி, ஒரு நல்ல பையனுக்குப் பெண் கொடுக்க மறுக்காதீர்கள்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "அம்மா, சர்க்கரை வியாதியும் குடும்பத்தில் வருகிறது. அதற்காக வைத்தியத்தை விட்டுவிடுகிறோமா?" அப்போதுதான் மகன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். சிகிச்சையின் நடுவே ஒருமுறை தவறினான். வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் மறுவாரமே திரும்பி வந்தான். இரத்தத்தில் ஊறியது குடி மட்டுமல்ல, எழுந்து நிற்கும் திறனும்தான் என்பதை எனக்குக் கற்பித்தவன் அவனே.