கொரியாவும் நாமும்

(வியாசர்பாடியில் தொழிலாளத் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று கொரியாவைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள். கிழக்குக் கோடியில் இருக்கிற அந்த நாட்டுக்கும் வியாசர்பாடிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள சென்னைத் துறைமுகத்தில் 1954 பிப்ரவரியில் ஒரு கப்பலிலிருந்து 88 பேர் இறங்கினார்கள். அவர்களில் 76 பேர் கொரியர், 12 பேர் சீனர். தங்கள் நாட்டுக்கு இரண்டு சர்க்கார்கள் உரிமை கொண்டாடியும் அந்த இரண்டும் வேண்டாமென்று சொல்லி, பாஷை தெரியாத, உற்றார் உறவினர் இல்லாத நம் நாட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். சொந்த நாட்டை விட்டு மனிதன் ஏன் அப்படி வரவேண்டும்? இதைத்தான் இன்று ஆராய்ச்சி செய்ய வேண்டும்.

முதலில் புராணத்தை ஒதுக்கிவிடுவோம். கொரியர்களின் ஆதிபிதா டாங்குன் என்பவராம். வானத்திலிருந்து இறங்கிய தேவகுமாரனுக்கும், கரடியாயிருந்து பெண்ணாக மாறிய ஒருத்திக்கும் பிறந்தவராம். வடக்கு சர்க்கார் அவர் சமாதியையே கண்டுபிடித்துவிட்டதாக 1993-இல் அறிவித்தது. தெற்கு சர்க்கார் அவர் பேரால் ஆண்டுதோறும் அக்டோபர் 3-இல் விடுமுறை விடுகிறது. ஒரே ஆதிபிதாவின் பிள்ளைகள் என்று இருவரும் சொல்லுகிறார்களே, அந்த ஆதிபிதா யுத்தத்தில் ஒரு குண்டையாவது தடுத்தாரா என்று கேட்கிறோம். நம்மவர்களிலும் சிலர், தமிழ் இளவரசி ஒருத்தி கொரியாவுக்கு ராணியாய்ப் போனாள் என்றும், அங்கேயும் அப்பா, அம்மா என்கிறார்கள் என்றும் சொல்லிப் பூரிக்கிறார்கள். அந்த ராணியின் கதை 13-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட புத்தகத்தில் உள்ள கதை. அதே ராணியை அயோத்திக்காரர்கள் தங்களுடையவள் என்கிறார்கள். இந்த வழக்கைத் தீர்த்து யாருக்கு என்ன லாபம்? கொரியர்கள் அனுபவித்ததில் நாம் கற்கவேண்டியது வேறு இருக்கிறது.

அந்த நாட்டில் கற்றவர்கள் சீன எழுத்தையே புனிதமாகக் கொண்டாடினார்கள். பாமர ஜனங்களும் படிக்கட்டும் என்று செஜோங் என்ற அரசன் 1443-இல் 28 எழுத்துக்கள் கொண்ட ஒரு நெடுங்கணக்கைச் செய்து 1446-இல் வெளியிட்டான். பண்டித அதிகாரிகள் 1444-லேயே மகஜர் கொடுத்து எதிர்த்தார்கள். சீன எழுத்தை விட்டால் காட்டுமிராண்டிகள் ஆகிவிடுவோம் என்பது அவர்கள் வாதம். 1894 வரை அந்த எழுத்துக்கு சர்க்கார் காரியங்களில் மதிப்பில்லை. 1935-இல் நாம் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது இங்கே எழுந்த கூச்சலைக் கேட்டவர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது.

ஜாதி போன்றதும் அங்கே இருந்தது. யாங்பான் என்பவர்கள் மேல்குலத்தார். அடியில் அடிமைகள். எல்லாருக்கும் கீழே பெக்ஜோங் என்ற, மாடு அறுப்பதும் தோல் வேலை செய்வதும் தொழிலான ஜனங்கள். அவர்கள் தனிச்சேரியில் வாழவேண்டும். மற்றவர் உடையை உடுக்கக்கூடாது. பிறர் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் பணிந்து பேசவேண்டும். 1894-இல் சட்டம் இந்தப் பிறவி வித்தியாசத்தை ஒழித்தது. ஆனால், சட்டம் ஒழித்ததை ஜனங்கள் ஒழிக்கவில்லை. ஜின்ஜு என்ற ஊரில் 1909-இல் பெக்ஜோங்கோடு ஒரே மாதாகோயிலில் உட்கார மற்றக் கிறிஸ்தவர்கள் மறுத்தார்கள். மதம் மாறியும் புத்தி மாறவில்லை. அதே ஊரில் 1923-இல் பெக்ஜோங் மக்கள் ஒரு சங்கம் கண்டார்கள். அவர்கள் கையாண்ட தராசைப் போல மனிதர்க்கும் மனிதர்க்கும் நிறை சமமாக இருக்கவேண்டும் என்பது அதன் பெயரின் கருத்து. இங்கே சுயமரியாதை இயக்கம் தோன்றியது 1925-இல். ஒருவரை ஒருவர் அறியாமலே இரண்டு தேசத்து மக்களுக்கு ஒரே எண்ணம் உதித்திருக்கிறது. இன்று கொரியாவில் எவனைப் பார்த்தும் நீ பெக்ஜோங்கா என்று கேட்பவர் இல்லை.

1910-இல் ஜப்பான் அந்நாட்டை விழுங்கியது. 1919 மார்ச்சு முதல் தேதி கிளம்பிய சுதந்திரக் கிளர்ச்சியைத் துப்பாக்கியால் அடக்கியது. 1938-இல் பள்ளியில் கொரிய பாஷையைக் கட்டாயத்திலிருந்து தள்ளியது. 1940-இல் ஜனங்களின் பெயரையே ஜப்பானியப் பெயராக்கச் சொன்னது. அதே 1938-இல்தான் இங்கே இந்தி கட்டாயமாக்கப்பட்டது. அதை எதிர்த்துச் சிறைசென்று 1939-இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் புதைக்கப்பட்ட இடம் நமக்கு அருகிலுள்ள மூலக்கொத்தளம். அந்நியன் ஜப்பான் செய்ததும் இங்கே நம்மவர் மந்திரிசபை செய்ததும் அளவில் ஒன்றல்ல. ஆனால், பாஷையைப் பறித்தால் மானத்தைப் பறிக்கலாம் என்ற எண்ணம் ஒன்றுதான்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் தோற்றது. இனி விடுதலை என்று கொரியர் மகிழ்ந்தார்கள். ஆனால் 10-ஆம் தேதி நள்ளிரவில் வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்ல்ஸ் போன்ஸ்டீல் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் ஒரு படத்தை விரித்து, சுமார் அரை மணி நேரத்தில் 38-ஆவது அட்சரேகையைக் குறித்தார்கள். வடக்கே ரஷ்யா, தெற்கே அமெரிக்கா. ஒரு கொரியனையாவது கேட்டார்களா? இல்லை. குற்றம் செய்தது ஜப்பான், வெட்டுப்பட்டது கொரியா.

தோழர்களே! வெளியான் கோடு கிழித்தான் என்று சொல்லி நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான். கோடு நிலைத்ததற்கு உள்ளேயிருந்த விரிசலும் காரணம். தெற்கே, ஜப்பானியனிடம் போலீசாயிருந்து சொந்த ஜனங்களை அடித்தவர்களையே அமெரிக்கர் மறுபடி போலீசாக வைத்துக்கொண்டார்கள். வடக்கே 1946-இல் நிலத்தைப் பிடுங்கி உழுதவனுக்குக் கொடுத்தார்கள். கூடவே வேறு அபிப்பிராயக்காரர்களை ஒடுக்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய கமிஷனுக்கு நம் இந்தியப் பிரதிநிதி கே. பி. எஸ். மேனன் தலைவர். 1948 ஜனவரியில் சியோல் போய்ச் சேர்ந்த கமிஷனை ரஷ்யா வடக்கே விடவில்லை. தெற்கில் மாத்திரம் தேர்தல் நடத்தினால் பிரிவினை நிலைத்துவிடும் என்ற அச்சம் இருந்தும், கனடாவும் ஆஸ்திரேலியாவும் எதிர்த்தும், அப்படியே நடத்தத் தீர்மானமாயிற்று. மே 10-இல் தேர்தல். ஆகஸ்டு 15-இல் தெற்கே ஒரு குடியரசு. செப்டம்பர் 9-இல் வடக்கே ஒரு குடியரசு. அந்தத் தேர்தலை எதிர்த்த ஜேஜு தீவில் ஆயிரம் ஆயிரமாகக் கொன்று குவித்தார்கள்.

1950 ஜூன் 25-இல் வடக்குப் படை எல்லை தாண்டியது. அமெரிக்காவும் சீனாவும் உள்ளே புகுந்தன. இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர் மாண்டபின் 1953 ஜூலை 27-இல் சண்டை நின்றது. கோடு ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை ஆகவில்லை.

அப்போது சிறைபட்டவர்களில் ஊர் திரும்ப மறுத்தவர்கள் 22,000-க்கு மேல். அவர்களைக் காக்கும் பொறுப்பு இந்தியாவுக்கு வந்தது. ஜெனரல் திம்மய்யா கமிஷனுக்குத் தலைவர். தோரட் காவற்படைக்குத் தலைவர். தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்தியச் சிப்பாய் தம் மண்ணை மிதிக்கக்கூடாதென்றதால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் இறக்கினார்கள்! முகாமுக்குள்ளே முரட்டுத் தலைவர்கள், மனம் மாறியவனை அடித்து மிரட்டினார்கள். பெரும்பாலோர் தெற்குக்கோ பார்மோசாவுக்கோ போனார்கள். மிகச் சிலரே நடுநிலை நாடு வேண்டுமென்று எழுந்து சொன்னவர்கள். அவர்களே நம் துறைமுகத்தில் இறங்கிய 88 பேர். டில்லியில் தங்கவைக்கப்பட்டு, பிறகு பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். சிலர் இங்கேயே வாழ்ந்தார்கள்.

இவர்களைத் தேசத்துரோகிகள் என்று சொல்லலாமா? தேசம் மனிதனுக்காகவா, மனிதன் தேசத்துக்காகவா? தன்னைக் கேளாமல் தன் பேரில் கோடு கிழித்து, தன்னைக் கேளாமல் தன் கையில் துப்பாக்கி கொடுத்து, அண்ணனைச் சுடு என்றவர்களிடம், உங்கள் இருவர் கொடியும் வேண்டாம் என்றானே, அவனிடத்தில்தான் நாம் சுயமரியாதையைக் காண்கிறோம்.

கோட்டினால் லாபமடைந்தவர் யார் என்று பாருங்கள். பொதுவுடைமை பேசும் வடக்கில் பாட்டன், மகன், பேரன் என்று 1948 முதல் ஒரே குடும்பம் பட்டம் ஏறுகிறது. தெற்கில் 1961 முதல் 1987 வரை ராணுவத்தார் ஆதிக்கம். கேட்டவனை எல்லாம் வடக்கின் ஆள் என்று உள்ளே தள்ளினார்கள். 2024 டிசம்பர் 3-இல் அதே சாக்கைச் சொல்லி அதிபர் யூன் சுக்-இயோல் ராணுவச் சட்டம் போட்டார். ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். சில மணி நேரத்தில் பார்லிமெண்டு அதை ரத்து செய்தது. 2025 ஏப்ரலில் அவர் பதவியும் போயிற்று. நஷ்டமடைந்தவர் யார்? எல்லைக்கு அப்பாலுள்ள சொந்தக்காரரைப் பார்க்கவேண்டுமென்று தெற்கே பெயர் பதிந்தவர் 1,30,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் பார்க்காமலே இறந்துபோனார்கள். கடைசிச் சந்திப்பு 2018-இல் நடந்தது. இனி ஐக்கியமே வேண்டாமென்று 2023 முடிவில் வடக்குத் தலைவர் சொல்லிவிட்டார்.

இந்தப் பாடம் வியாசர்பாடிக்குத் தெரியாததல்ல. 1921-இல் பி அண்டு சி மில் வேலைநிறுத்தத்தில் என்ன நடந்தது? மில்லில் ஒரே இயந்திரத்தின் முன் நின்றவர்கள் ஜாதி இந்து என்றும் ஆதிதிராவிடன் என்றும் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, வேலைநிறுத்தம் தோற்றது. முதலாளிக்கு ஒரு நஷ்டமுமில்லை. நல்ல காலத்தில் தீண்டாதவன் என்று ஒதுக்கி, கஷ்டகாலத்தில் மாத்திரம் ஒற்றுமைக்கு வா என்றால் எவன் வருவான்? ஏன் வரவேண்டும்?

ஆகவே தோழர்களே! கொரியாவில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று பல நூறு ஆண்டுகளாக இருந்தது, பிறவியிலேயே வந்தது என்று சொல்லப்பட்ட கோடு. அதை ஜனங்கள் அழித்துவிட்டார்கள். மற்றொன்று அரைமணி நேரத்தில் கிழித்தது. அது இன்னும் நிற்கிறது, துப்பாக்கியின் காவலில். இரண்டும் மனிதன் போட்டவைதான், தலைவிதி போட்டதல்ல. நம் நாட்டிலோ பிறவிக் கோடே இன்னும் அழியவில்லை. சேரி வேறு, ஊர் வேறு, சுடுகாடு வேறு என்று இருக்கிற வரையில், கொரியனைப் பார்த்து அனுதாபப்பட நமக்கு என்ன யோக்கியதை? வீட்டுக்குப் போய், உங்கள் தெருவில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதை அழிக்கிற வேலையை நாளைக்கே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.