இரண்டாம் அங்கம்

(மன்னார்குடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கோடியக்கரைக்கு அப்பால், கடல் கடந்தால் இலங்கை. அங்கே 2022 ஜூலை 9ஆம் நாள் ஒரு காட்சி. அதிபர் மாளிகையின் காவல் தகர்ந்தது, கதவு திறந்தது. உழைத்துக் களைத்தவனும் ஊர்விட்டு வந்த மாணவனும் உள்ளே நுழைந்தனர். நீச்சல் குளத்தில் குதித்தனர். 2019இல் 69 இலட்சம் வாக்குகள் பெற்று வந்த கோத்தபாய எங்கே? கடற்படைக் கப்பலில்! நான்காம் நாள் மாலத்தீவில், மறுநாள் சிங்கப்பூரில். அங்கிருந்து மின்னஞ்சலில் வந்தது பதவி விலகல். அண்ணன் பிரதமராகவும் தம்பி நிதியமைச்சராகவும் வீற்றிருந்த குடும்பக் கொற்றம் அப்படிக் குலைந்தது.

ஏன் குலைந்தது? பொருளாதாரப் பேரறிஞர்கள் ஆயிரம் கூறட்டும். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். வயலைக் காட்டியே சொல்கிறேன். 2021இல் ஒரே ஆணையில் இரசாயன உரத்தின் இறக்குமதியை நிறுத்தினார். நாற்று விட்டுக் காத்திருக்கும் நம் உழவனிடம், 'இனி யூரியா கிடையாது' என்றால் என்ன செய்வான்? இயற்கை வேளாண்மை கூடாதென்று நான் கூறவில்லை, தோழர்களே. நம்மாழ்வார் பிறந்த மண் இது! ஆனால் மண்ணைப் பழக்க ஆண்டுகள் பல வேண்டும். ஆணையிட ஒரு கையெழுத்துப் போதும். அவ்வாண்டு நவம்பரில் ஆணை தளர்ந்தது; போன விளைச்சல் போனதுதான். 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசே கைவிரித்தது. நெல் விளையும் நாடு அரிசிக்கு ஏங்கிற்று. 40,000 டன் அரிசி தருவதாக அறிவித்தது தமிழ்நாடு. மே மாதம் முதல் கப்பல் புறப்பட்டது.

இது முதல் அங்கம். நாடகம் எழுதுபவன் நான். எனக்குத் தெரியும், கொடியவன் வீழ்ந்ததும் கொட்டகையில் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். இருங்கள், இரண்டாம் அங்கம் இருக்கிறது!

நாற்காலி காலி. அமர்ந்தவர் யார்? ரணில் விக்கிரமசிங்க! 225 பேர் கொண்ட மன்றத்தில் அவர் கட்சிக்கு இருந்தது ஒரே ஓர் இடம். ஓடிய அதிபரின் கட்சி தாங்கிப் பிடித்தது. கிடைத்தன 134 வாக்குகள். பதவியேற்ற மறுநாள் பொழுது விடியுமுன் காலிமுகத் திடலில் இராணுவம் புகுந்தது, கூடாரங்கள் சாய்ந்தன. 2023இல் வரவேண்டிய உள்ளாட்சித் தேர்தல்? பணமில்லையாம், தள்ளிவைத்தார்கள்! விரட்டிய மக்கள் தாங்களே ஓர் அதிபரைத் தேர்ந்தெடுக்க 2024 செப்டம்பர் வரை காத்துக் கிடந்தனர்.

மேட்டூர் திறந்து கல்லணை கடந்து வருகிற வெள்ளம் எவ்வளவு பெரிது! வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் அது யாருக்கு? கடலுக்கு! உங்களுக்கு நான் சொல்லவும் வேண்டுமோ? அந்தத் திடலில் வெள்ளம் இருந்தது, வாய்க்கால் இல்லை.

முன்பும் நடந்ததுண்டு. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார் டட்லி சேனநாயக்கா. ஆகஸ்டு 12இல் ஹர்த்தால். அமைச்சர்கள் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள்! (அன்றும் கப்பல்தான்.) அக்டோபரில் டட்லி விலகினார், அமர்ந்தவர் அவருடைய உறவினரே, கொத்தலாவலை. ஆறாத அந்தக் கோபத்தை 1956இல் அறுவடை செய்தவர் பண்டாரநாயக்கா, 'சிங்களம் மட்டும்' என்ற முழக்கத்தோடு. சோறு கேட்டவன் கையில் மொழிச் சட்டத்தைக் கொடுத்தார்கள். இடி விழுந்தது தமிழன் தலையில்.

ஆகவேதான் 2022 மே 18ஆம் நாளை நான் மறப்பதில்லை. அன்று அதே காலிமுகத் திடலில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது. கஞ்சி வழங்கினார்கள். கொழும்பின் நடுவில், தோழர்களே! 2024 நவம்பரில் அநுர குமார திசாநாயக்காவின் அணி 159 இடங்களை வென்றபோது யாழ்ப்பாணமும் அதற்கு வாக்களித்தது. வாக்களித்தவனுக்குக் கிடைத்தது என்ன? வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2025ஆம் ஆண்டும் அதற்குத் தேர்தலின்றியே கழிந்தது. கடைமடைக்காரன் வரப்பில் நின்று வாய்க்காலைப் பார்த்துக் கொண்டிருக்கிறான்.